ஆட்டத்தில் சேர்த்தார்கள், பந்தியில் சேர்க்கவில்லை

விளையாட்டில் திறமைக்கு மட்டுமே மதிப்பு என்ற பேச்சு மைதானத்தின் எல்லைக்கோடு வரைதான் செல்லுபடியாகும். ஓட்டத்தை நொடிக் கணக்கில் அளந்துவிடலாம், விக்கெட்டை எண்ணிவிடலாம். யாரை ஓடவிடுவது, யாரைக் கேப்டன் ஆக்குவது, யார் எந்த வாசல் வழியாக உள்ளே வருவது என்பவற்றையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிளப் நிர்வாகிகள், தேர்வுக்குழுவினர், அமைச்சகங்கள், மருத்துவக் குழுக்கள் என்று காலத்துக்கேற்ப அவர்கள் மாறினார்கள். நிறம், சாதி, பாலினம் ஆகிய தடைகளை விளையாட்டு வீரர்கள் எதிர்த்த வரலாறு பெரும்பாலும் இந்த மேசைகளுக்கு எதிரே நடந்த வரலாறுதான்.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தின் நிறத்தடையை ஜாக்கி ராபின்சன் உடைத்தது 1947இல். உலகம் கொண்டாடும் அந்த ஆண்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே, இந்தியாவில் அதற்கு ஈடான ஒரு போராட்டம் தொடங்கிவிட்டது. அதன் நாயகர் பல்வங்கர் பாலு 1876இல் தார்வாடில், அதாவது இன்றைய கர்நாடகத்தில், தோல் தொழில் செய்யும் தீண்டத்தகாத சாதியாகக் கருதப்பட்ட சமூகத்தில் பிறந்தார். தந்தைக்குப் பூனாவில் ராணுவத்தில் வேலை. பாலு அங்கே பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் பிட்ச்சைப் பெருக்கி, உருளை இழுக்கும் ஆளாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப் 4 ரூபாய்க்கு அவரை எடுத்துக்கொண்டது. அங்கேதான் வலைப்பயிற்சியில் பந்து வீசும் வாய்ப்புக் கிடைத்தது. இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுவார். கிரெய்க் என்ற ஆங்கில ஆட்டக்காரர் தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பாலு மணிக்கணக்காகப் பந்து வீசினார் என்பதும், அவர் கையில் ஒருவரும் மட்டையைக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. பந்து வீசுவது வேலை, மட்டை பிடிப்பது விளையாட்டு என்பதே அந்த மைதானத்தின் எழுதப்படாத சட்டம்.

வெள்ளையர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசைதான் பூனாவின் இந்து கிரிக்கெட் குழுவைப் பாலுவிடம் கொண்டுவந்தது. பிராமணர்கள் நிறைந்த குழு அது. அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று விவாதம் நடந்து, கடைசியில் சேர்த்தார்கள். களத்தில் எல்லோரும் தொட்ட பந்தை அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியக்கூடிய மண்குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம். அவருடைய பந்துவீச்சால் வெற்றிகள் குவிந்தபோது, கூட விளையாடலாம் என்றால் கூட உண்பதற்கு என்ன தடை என்று சமூகச் சீர்திருத்தவாதியான நீதிபதி ரானடே கேட்க வேண்டியிருந்தது.

பிறகு பாலு பம்பாய்க்குப் போனார். 1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றபோது, அவரும் அவருடைய தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்கள். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்துத் திரும்பினார். பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். அந்தப் பாராட்டு மடலை எழுதியவர் இளைஞர் அம்பேத்கர் என்று, பெங்களூரில் வாழும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா கூறுகிறார். பாலுவை இன்றைய வாசகர்களுக்கு மீட்டுத் தந்தது 2002இல் வெளிவந்த அவருடைய நூல்தான்.

இவ்வளவு விக்கெட் எடுத்தவருக்குக் கேப்டன் பதவி மட்டும் வரவில்லை. அக்காலப் பம்பாய்ப் போட்டிகளில் அணிகளே மதவாரியாகப் பிரிந்திருந்தன: ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், 1912 முதல் முஸ்லிம்கள். அந்த இந்து அணிக்குத் தலைவராக ஆண்டுதோறும் மேல்சாதியினரே வந்தார்கள். 1920இல் பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அனுபவத்தில் மூத்தவரான அவருடைய தம்பி விட்டலையும் தாண்டி வேறொருவருக்குக் கேப்டன் பொறுப்பு போனது. விட்டலும் சிவராமும் ஆட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார்கள். அதுவரை பாலு குடும்பம் பதில் சொன்னதெல்லாம் பந்தால்தான். முதல் முறையாக அவர்கள் பந்தைக் கீழே வைத்தார்கள், அதற்கு உடனே பலன் கிடைத்தது. காந்தி தீண்டாமையை எதிர்த்துப் பொதுமேடைகளில் பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நிர்வாகிகளுக்குச் சங்கடம் அதிகமாகிவிட்டது. இறுதி ஆட்டத்தில் சகோதரர்கள் திரும்ப வந்தார்கள், பாலு துணைக் கேப்டன் ஆனார். ஆட்டத்தின் நடுவில் கேப்டன் களத்தைவிட்டு வெளியே போன நேரத்தில் அணியை அவர் நடத்தினார். 1923இல் விட்டல் முறைப்படி கேப்டன் ஆகி, கோப்பையையும் வென்றார். சாதி இந்துக்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாலுவின் பிற்காலம் இந்தக் கதைக்குள் எளிதாக அடங்குவதில்லை. காங்கிரஸில் சேர்ந்த அவர், 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். ஒரு காலத்தில் தன்னைப் போற்றி மடல் எழுதிய இளைஞரை எதிர்த்து அவரே நிறுத்தப்பட்டது அரசியலின் கொடுமைதான். 1955இல் பாலு காலமானார்.

பெவிலியனுக்கு வெளியே நிற்க வைக்கும் வழக்கம் கடல் தாண்டியும் இருந்தது. 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு. அந்த இந்தியச் சமூகத்தில் 1928இல் டர்பன் அருகே பிறந்தவர் பப்வா செவ்கோலம். கோல்ஃப் மைதானங்களில் வெள்ளையர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை. ஆட்டத்தை யாரும் கற்றுத் தரவில்லை. தானாகக் கற்றதால், மட்டையைப் பிடிப்பதில் இரண்டு கைகளையும் இடம் மாற்றி வைக்கும் விசித்திரமான பாணி அவருக்கு அமைந்தது. அந்தப் பாணியோடு 1959இலும் 1960இலும் நெதர்லாந்தின் ஓப்பன் பட்டத்தை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையர்களோடு மோதி முதலிடம் பெற்றார். பரிசளிப்பு கிளப் கட்டடத்துக்குள் ஏற்பாடாகியிருந்தது. வெள்ளையரல்லாதவர் உள்ளே வருவது நிறவெறிச் சட்டத்துக்கு விரோதம். தோற்றவர்கள் கூரைக்குக் கீழே இருக்க, வென்றவர் வெளியே கொட்டும் மழையில் நின்று கோப்பையை வாங்கினார்.

அந்தக் காட்சியின் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகத்திலிருந்து ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அது வலு சேர்த்தது. செவ்கோலத்துக்கு நன்மை எதுவும் வரவில்லை. 1965இல் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே அதே நேட்டால் போட்டியில் வென்றார். அதற்குப் பிறகு அவரைப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள், கடவுச்சீட்டையும் பறித்தார்கள். 1978இல் வறுமையில் இறந்தார்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை ஐக்கிய நாடுகள் சபையில் முதலில் எழுப்பிய நாடு இந்தியா. 1946இலேயே வணிக உறவைத் துண்டித்த நாடும் அதுவே. இந்தக் கொள்கைக்கு ஒரு பெரிய விலை கொடுக்க வேண்டிய நாள் 1974இல் வந்தது, அந்த விலையைச் சென்னைச் சகோதரர்கள் இருவர் கொடுத்தார்கள். விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த இந்திய டென்னிஸ் அணி அந்த ஆண்டு டேவிஸ் கோப்பையில் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது. மொத்தம் 327 கேம்கள் நீண்ட மோதல் அது. பூனாவில் சோவியத் ஒன்றியமும் வீழ்ந்தது. இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்த நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. டேவிஸ் கோப்பை வரலாற்றில் இறுதி ஆட்டம் நடக்காமல் போனது அதுவே முதல் முறை. இந்தியா அந்தக் கோப்பையை இன்றுவரை வென்றதில்லை, அன்று வென்றிருக்க நல்ல வாய்ப்பிருந்தது. அரசின் முடிவு சரியானதே என்று விஜய் அமிர்தராஜ் பின்னாளில் சொல்லியிருக்கிறார், கைநழுவிய கோப்பையின் ஆதங்கத்தையும் மறைத்ததில்லை. ஆடித்தான் எதிர்க்க வேண்டும் என்றில்லை, ஆடாமலும் எதிர்க்கலாம் என்று விட்டலும் சிவராமும் 1920இல் பம்பாயில் காட்டியதை 1974இல் ஒரு நாடே செய்தது. புறக்கணிப்பு முடிந்து தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணி சர்வதேசக் களத்துக்குத் திரும்பியபோது, அதன் முதல் ஆட்டம் நடந்ததும் இந்தியாவில்தான்: 1991 நவம்பர் 10, கல்கத்தா.

வெளிநாட்டு நிறவெறியை இவ்வளவு உறுதியாக எதிர்த்த நாடு, தன் மண்ணில் இருக்கும் கறுப்பின மக்களை விளையாட்டுக்குக் கொண்டுவந்த விதம் வேறு மாதிரி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டக் காடுகளில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் வாழும் சித்தி இனத்தவர், போர்த்துகீசியரும் அரபு வணிகரும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தவர்கள். பல தலைமுறைகளாகக் கன்னடமும் கொங்கணியும் பேசுபவர்கள். ஆனாலும் வெளியூர் பஸ்ஸில் ஏறினால் எந்த நாட்டுக்காரர் என்று கேட்கப்படுகிறவர்கள். மார்கரெட் ஆல்வா மத்திய விளையாட்டுத் துறை இணையமைச்சராக இருந்தபோது, 1987இல் இந்திய விளையாட்டு ஆணையத்தின் சிறப்புப் பகுதித் திட்டம் தொடங்கியது. சித்திப் பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் வைத்துப் பார்த்து, தேறியவர்களைப் பயிற்சி விடுதிகளுக்கு அழைத்துப் போனார்கள்.

அந்த எண்ணத்தின் அடியில் இருந்தது இனத்தைப் பற்றிய ஓர் அனுமானம்: ஆப்பிரிக்க உடல் என்றால் ஓடும். ஒதுக்கிய அதே காரணத்தைச் சொல்லியே இப்போது அழைத்தார்கள். ஆனாலும் பலன் இல்லாமல் போகவில்லை. பள்ளிக்குக் கூடச் சரியாகப் போகாத பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கினார்கள். சிலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. ஒரு குடும்பம் காட்டைவிட்டு வெளியே வர அந்த ஒரு வேலை போதுமானதாக இருந்தது. 1993இல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒரு தடகள வீரர் உருவாகப் பத்து ஆண்டு பிடிக்கும் என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரியும். ஆறு ஆண்டில் மூடியதால், வளர்ந்துகொண்டிருந்தவர்கள் பாதியில் ஊர் திரும்பினார்கள். சித்திகளுக்கு உத்தர கன்னடத்தில் பழங்குடித் தகுதி 2003இல் வந்தது. அவர்களில் ஒருவரான சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு 2020இல் நியமிக்கப்பட்டார். இந்த இரண்டும் ஓட்டப் பந்தயத்தால் கிடைத்தவை அல்ல. இடைப்பட்ட ஆண்டுகளில் முண்டகோட்டில் தனியார் முயற்சியாகத் தடகளப் பயிற்சி மீண்டும் தொடங்கியிருக்கிறது.

பெண்களுக்கு மைதானமே முதல் தடை. பெங்களூர் இங்கே ஒரு முக்கியமான இடம். இந்தியப் பெண்கள் தங்கள் முதல் கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது இந்த நகரத்தில்தான், இன்று சின்னசாமி பெயரில் இருக்கும் மைதானத்தில், 1976 அக்டோபர் 31 அன்று, வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு எதிராக. கேப்டன் சாந்தா ரங்கசாமி. சென்னையில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த அவருக்கு அப்போது வயது 22. தமிழகத்துக்காக ஆடிய சுதா ஷாவும் அந்த அணியில் இருந்தார். இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் தோன்றி மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. 1973இல் புனேயில் நடந்த அதன் முதல் மாநிலப் போட்டிக்கு வந்தவை மூன்று அணிகள்தான். முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் பயணம், வகுப்பறைத் தரையிலோ பொது விடுதியிலோ படுக்கை, இரண்டு மூன்று மட்டைகளை அணி முழுவதும் மாற்றி மாற்றி உபயோகிப்பது என்பதுதான் அக்கால ஆட்டக்காரிகள் சொல்லும் கதை. சம்பளம் என்ற பேச்சே கிடையாது.

பெங்களூர் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதே தொடரில் நவம்பரில் பாட்னாவில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அரங்கம் நிறைந்து வழிந்தது. பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது, கேட்டவர்கள் மட்டும் அதைக் காதில் வாங்க மேலும் நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஜனவரியில் நியூஸிலாந்தில் சாந்தா 108 ரன் எடுத்தார். இந்தியப் பெண் ஒருவரின் முதல் டெஸ்ட் சதம் அது. அர்ஜுனா விருது பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனையும் அவரே.

2006இல் பெண்கள் சங்கம், பணக்கார அமைப்பான பிசிசிஐயோடு இணைக்கப்பட்டது. நிலைமை உடனே தலைகீழாக மாறியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஆடிய டெஸ்டுக்குப் பிறகு, எட்டு ஆண்டுகள் இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட ஏற்பாடு செய்யப்படவில்லை. ஏழைச் சங்கம் நடத்திய ஆட்டத்தைப் பணக்காரச் சங்கம் நிறுத்தியது. 2014இல் இங்கிலாந்திலும் பிறகு மைசூரிலும் டெஸ்ட் திரும்பியது. மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் தமிழகத்தின் திருஷ்காமினி 192 ரன் குவித்தார். அதற்குப் பின் அடுத்த டெஸ்டுக்கு மேலும் ஏழு ஆண்டு. ஆட்டத் தொகை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்ற அறிவிப்பு 2022 அக்டோபரில் வந்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம். ஆனால் ஒரு டெஸ்டுக்கு எவ்வளவு என்பதைவிட, ஆண்டுக்கு எத்தனை டெஸ்ட் என்பதுதான் வீட்டுக்கு வரும் பணத்தைத் தீர்மானிக்கிறது. 2024இல் பெங்களூரின் பெண்கள் அணி பிரீமியர் லீக் பட்டத்தைத் தன் இரண்டாவது ஆண்டிலேயே வென்றது. அதே பெயரில் ஆடும் ஆண்கள் அணிக்குப் பதினெட்டு ஆண்டு பிடித்த காரியம் அது. 2025 நவம்பர் 2 அன்று ஹர்மன்பிரீத் கவுர் தலைமையில் இந்தியா ஒருநாள் உலகக் கோப்பையைக் கைப்பற்றியது.

பெண்ணை விளையாட அனுமதித்த பிறகு வந்த கேள்வி, யார் பெண் என்பது. இதற்குத் தமிழகம் மறக்கக் கூடாத பெயர் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாக, தலித் குடும்பத்தில் பிறந்தவர். 2005 ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி மீண்டும் வெள்ளி. அடுத்து வந்தது பாலினப் பரிசோதனை. அதில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. ஒருவரின் உடல்பற்றிய மருத்துவ முடிவு, ரகசியமாக இருக்க வேண்டிய ஒன்று, ஊடகங்களில் வெளியானது.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் உடையின்றி நிற்க வேண்டியிருந்தது. பிறகு குரோமோசோம் சோதனை வந்தது. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா மார்டினெஸ் பாட்டினோ 1985இல் அதில் சிக்கி, மூன்று ஆண்டு போராடித் தன் தகுதியை மீட்டார். பிறவியிலேயே குரோமோசோமும் ஹார்மோனும் உடலமைப்பும் பாடப்புத்தகத்தில் சொல்லப்படும் இரண்டு வகைக்குள் முழுதாகப் பொருந்தாதவர்கள் உண்டு என்பதையும், அதற்கு அவர்கள் பொறுப்பல்ல என்பதையும் அந்த வழக்கு உலகுக்குக் காட்டியது. எல்லோருக்குமான கட்டாயச் சோதனையை ஒலிம்பிக் குழு 1999இல் கைவிட்டது. சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் சோதனை என்ற நிலை தொடர்ந்தது. அந்தச் சந்தேகம் பெரும்பாலும் கண்ணால் பார்த்து வருவதுதான். அதில் யார் எளிதாக அகப்படுவார்கள் என்பதற்கு, பின்னாளில் விசாரிக்கப்பட்டவர்களில் ஏழை நாட்டுப் பெண்களின் பெயர்களே முன்னால் நிற்பது பதில் சொல்லும்.

தமிழக அரசு, பதக்கம் போன பிறகும், அறிவித்திருந்த 15 லட்ச ரூபாயைச் சாந்திக்கு வழங்கியது. முதலமைச்சர் கருணாநிதி அன்று எடுத்த அந்த முடிவு இந்த விவகாரத்தில் அரசுத் தரப்பில் நடந்த அரிதான நல்ல செயல். அது வாழ்க்கைக்கு வழியாகவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்வது செய்தியானது. அதன் பிறகுதான் பெங்களூரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் இடம் கிடைத்தது. பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் ஆனார்.

சாந்திக்கு நேர்ந்தது 2014இல் ஒடிசாவின் துத்தீ சந்துக்கும் நேர்ந்தது. டெஸ்டோஸ்டீரான் அளவு அதிகம் என்று காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டார். மருந்து சாப்பிட்டோ அறுவை செய்துகொண்டோ அளவைக் குறைத்தால் ஓடலாம் என்பது விதி. அவர் மறுத்து, சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். இம்முறை ஆய்வாளர்களும் வழக்கறிஞர்களும் துணைக்கு இருந்தார்கள், இந்திய அரசுத் தரப்பும் கைவிடவில்லை. இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் தரும் சாதகம் எவ்வளவு என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று கூறி, 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. துத்தீ ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார். சாந்திக்கும் துத்தீக்கும் இடையே ஓட்டத் திறனில் பெரிய வித்தியாசம் தேட வேண்டியதில்லை. ஒருவருக்கு வழக்கு நடத்த ஆள் இருந்தது, இன்னொருவருக்கு இருக்கவில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருப்பதே, ஆண் உடலின் சாதகத்தை விலக்கி வைக்கத்தான். எல்லைக்கோடு எதுவுமே இல்லையென்றால் அந்தப் பிரிவுக்குப் பொருள் இருக்காது என்று பல வீராங்கனைகளே சொல்கிறார்கள். உலகத் தடகள அமைப்பு அந்த வழியில்தான் திரும்பச் சென்றது. 2018இல் வந்த புதிய விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான ஓட்டங்களைக் குறிவைத்தது. துத்தீயின் 100 மீட்டர் தப்பியது, சாந்தி ஓடிய 800 மீட்டர் உள்ளே வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேஸ்டர் செமன்யா அதை எதிர்த்து நடுவர் மன்றத்தில் 2019இல் தோற்றார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னாலும், விதி அப்படியே நின்றது. 2023இல் கட்டுப்பாடு எல்லா ஓட்டங்களுக்கும் விரிந்தது. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். 1990களில் கைவிட்ட முறை வேறு பெயரில் திரும்பியிருக்கிறது.

2006இல் பறித்த வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சாந்தி பலமுறை மனுக் கொடுத்திருக்கிறார். அது அவருக்குத் திரும்பி வரவில்லை.